அம்மம்மாவின் இன்சுலின் குப்பி ஏன் சீக்கிரம் முடிந்தது

அம்மம்மாவுக்குக் காலையில் 20, இரவில் 12 யூனிட். ஒரு குப்பியில் 1000 யூனிட், எப்படியும் ஒரு மாதம் ஓடும். போன முறை மூன்று கிழமையிலேயே சிரிஞ்சில் காற்றுதான் ஏறியது. பிரிட்ஜ் கதவில், கறிவேப்பிலைப் பைக்குப் பக்கத்தில் கிடக்கிற சாமானை வேறு யார் தொடப்போகிறார்கள்?

தொட்டது பெரியம்மாவின் மகன். படிக்க வந்து எங்களோடு கொழும்பு வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறான், வயது 22, சீனி வருத்தம் கிடையாது. ஜிம்மில் யாரோ ஓர் அண்ணன் சொன்னாராம், பயிற்சி முடிந்த கையோடு பத்து யூனிட் போட்டால் சாப்பிடுவதெல்லாம் தசைக்குள் போகும் என்று. பிடிபட்டதும் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, இதால பிற்காலத்தில எனக்கும் சீனி வருமா?"

பிற்காலமாம்! நாளைக்குக் காலையில எழும்புவியா எண்டு முதல்ல கேளடா என்றேன்.

சரி, பிற்காலத் தீங்கு பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. 2012இல் வெளிவந்த ஒரிஜின் ஆய்வில் 12,500 பேருக்கு மேல், ஆறு வருடமளவு பார்த்தார்கள். இன்சுலின் போட்ட பக்கம் புற்றுநோயும் கூடவில்லை, மாரடைப்பும் கூடவில்லை. இந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலின். போட்டவர்கள் 50 வயதுக்கு மேற்பட்ட இதய ஆபத்துக்காரர், முக்கால்வாசிக்கு மேல் ஆரம்ப நீரிழிவு, மிச்சப்பேர் அதன் விளிம்பில். அவர்களுக்கே சீனி ஆபத்தாக இறங்கியது மற்றப் பக்கத்தைவிட மூன்று மடங்கு, நிறையும் ஏறியது. ஜிம் பெடியன் களவாகப் போடுவதற்கு அது சான்று ஆகாது.

இவன் எடுத்தது 30/70 கலவை. அதில் ஒரு பங்குதான் சீக்கிரம் வேலை செய்யும், பெரிய பங்கு பல மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அதாவது இவன் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு எல்லாம் சரி என்று படுத்துத் தூங்குகிற நேரத்தில். பயிற்சி செய்த உடம்பு அதோடு தானாகவும் சீனியை இழுக்கும். சீனி இறங்கினால் நல்ல கணையம் தன் சுரப்பை நிறுத்திவிடும், ஊசியால் போட்டதை யார் நிறுத்துவது? அடிக்கடி இறங்கினால் வியர்வை, நடுக்கம் என்று உடம்பு காட்டுகிற சைகைகளும் மங்கிப்போகும்.

1930களில் வியன்னாவில் மன்ஃப்ரெட் சாக்கல் என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே இன்சுலின் போட்டுக் கோமாவுக்கு அனுப்பினார். பிறகு பல நாடுகளில் அதைச் செய்தார்கள், பக்கத்தில் குளுக்கோஸோடு ஆட்கள் நின்றும் சிலர் செத்தார்கள். இவனுக்குப் பக்கத்தில் நின்றது ஒரு மின்விசிறி.

வீட்டில் யாராவது வியர்த்துக்கொட்டி உளறினால் சீனி கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், ஊசி போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பார்மசிக்காரன் குறைத்துக் கொடுத்துவிட்டான் என்று தினமும் திட்டுகிறா. இவன் பக்கத்திலிருந்து தலையாட்டுகிறான்.