விழுந்தவர் எழுந்து ஓட்டியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை நடந்த மிதிவண்டிப் பந்தயத்தின் காணொளியை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை இங்கே மீண்டும் பகிரவில்லை. கடைசித் திருப்பத்துக்குச் சற்று முன்னால் ஒருவருடைய பின்சக்கரத்தில் இன்னொருவருடைய முன்சக்கரம் உரசியது. பின்னால் வந்தவர்களும் சேர்ந்து விழுந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞர் முகத்தில் இரத்தம் வழிய எழுந்து, தள்ளாடியபடியே வண்டியில் ஏறி எல்லைக்கோட்டைக் கடந்தார். அவருக்குப் பக்கத்திலேயே விழுந்த மற்றோர் இளைஞர் எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சாலையோரத்தில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கேயே இருந்தார். முதலாமவருக்கு நூற்றுக்கணக்கான இதயக் குறிகளும் ‘சிங்கம்’ என்ற பட்டமும் கிடைத்தன. இரண்டாமவருக்குக் கிடைத்தவை ‘வண்டிக்கு ஒன்றுமே ஆகவில்லையே, ஏன் ஓட்டவில்லை?’, ‘இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தியே இல்லை’ என்ற வரிகள். எழுதியவர்களில் சிலர் என் நண்பர்கள் பட்டியலில் இருப்பவர்கள், சிலர் என்னோடு பல காலமாக ஓட்டுபவர்கள். அதனால்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சாலையோரத்தில் உட்கார்ந்த அந்த இளைஞர் செய்தது சரி. தலை தரையில் மோதியவர் பந்தயத்தை விட்டு இறங்குவதுதான் சரி. முதலாமவரை நான் குறை சொல்லவில்லை, ஏனென்றால் விழுந்த அந்த நிமிடத்தில் முடிவெடுக்கும் நிலையில் அவர் இருந்திருக்க வாய்ப்பில்லை. நான் குறை சொல்வது, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகக் காணொளியை நான்கு முறை ஓட்டிப் பார்த்தபின்னும், தள்ளாட்டத்தை வீரமாகவும் நிதானத்தைக் கோழைத்தனமாகவும் படித்தவர்களைத்தான்.

விழுந்தவுடன் உடம்பில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்கிறது. கழுத்தடியையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பு உடைந்திருந்தால்கூட ஒருவர் எழுந்து வண்டியைத் தேடுவார். வலி பிறகுதான் வரும். மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்வதும் அடிபட்ட அதே மூளைதான். கால்பந்தில் அடிபட்டவரை வெளியே அழைத்துப் பரிசோதிக்கலாம், மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். சாலைப் பந்தயத்தில் மாற்று வீரர் கிடையாது, பந்தயமும் நிற்காது. ஒவ்வொரு விநாடியும் கூட்டம் தொலைவாகிக்கொண்டே போகும். இந்த அவசரத்துக்கு நடுவில் ஒரு இருபது வயதுப் பிள்ளை ‘எனக்குத் தலை சுற்றுகிறது, நான் ஓட்டப்போவதில்லை’ என்று முடிவெடுத்து உட்கார்ந்தால், அதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

2017-இல் கலிஃபோர்னியா சுற்றுப் பந்தயத்தில் டாம்ஸ் ஸ்குயின்ஷ் இறக்கத்தில் விழுந்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நிற்க முடியாமல், பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்த வீரர்களின் பாதையிலேயே தடுமாறி நடந்தார். அப்படியும் அவரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பிறகுதான் பந்தயத்திலிருந்து விலக்கினார்கள்; மூளையதிர்ச்சியும் காறை எலும்பு முறிவும் இருந்தன. பல நாட்கள், நாளுக்கு ஒரு கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், 2020-இன் 13-ஆம் கட்டத்தில் ரோமன் பார்டே விழுந்து, எழுந்து, நிற்க முடியாமல் சரிந்து, மீண்டும் வண்டி ஏறி, மலைகளைக் கடந்து அன்றைய கட்டத்தை முடித்தார். மாலையில் பரிசோதித்தபோதுதான் மூளையதிர்ச்சி என்று தெரிந்தது; பின்னர் மூளையில் சிறிய இரத்தக்கசிவும் கண்டறியப்பட்டது. அந்த மலை இறக்கங்களில் அவர் இன்னொரு முறை விழுந்திருந்தால்? இந்தக் கேள்வியை இதயக் குறி போடும் ஒருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த ஆண்டின் இறுதியில்தான் சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் மூளையதிர்ச்சிக்கென்று தனி நடைமுறையை அறிவித்தது. விழுந்த உடனே சாலையில் ஒரு பரிசோதனை, பந்தயம் முடிந்ததும் ஒன்று, மறுநாள் ஒன்று. மூளையதிர்ச்சி உறுதியானால் 24 முதல் 48 மணி நேரம் முழு ஓய்வு, அறிகுறிகள் எல்லாம் மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் போட்டி கூடாது, இளையோர் பிரிவினருக்கு அது இரண்டு வாரம். மருத்துவர் வந்து சேர்வதற்கு முன் விழுந்தவரிடம் முதலில் போய்ச் சேருபவர்கள் பயிற்சியாளர்களும் மெக்கானிக்குகளும் சக வீரர்களும்தான் என்பதால், அறிகுறிகளை அவர்களும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த நடைமுறை எதிர்பார்க்கிறது. அதாவது நம்மைப் போன்றவர்கள். விழுந்தவரைத் தூக்கி, முதுகைத் தட்டி, ‘போ போ’ என்று தள்ளிவிடும் நாம்.

‘மருத்துவக் குழு அங்கேதானே இருந்தது, ஆபத்து என்றால் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்களா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். காணொளியை மறுபடி பாருங்கள். ஓட்டி முடித்த அந்த முதல் இளைஞரைத் தூக்கிவிட்டவர்களில் மருத்துவர் யாரும் இல்லை.

‘தலைக்கவசம் போட்டிருந்தாரே’ என்பது இன்னொரு வாதம். தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரை தான் நசுங்கி மண்டையோட்டைக் காக்கிறது. மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. ஒருமுறை நசுங்கிய நுரை அடுத்த அடியை அதேபோலத் தாங்காது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அந்த இரண்டாவது இளைஞர் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்து அவர் எடுத்த முடிவு அங்கே நின்றிருந்த பெரியவர்கள் எடுத்திருக்க வேண்டிய முடிவு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்களுக்காக என் கதையையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்தயத்தில், நேரான சாலையில், முன்னால் போனவர் காரணமில்லாமல் பிரேக் பிடித்ததில் நான் விழுந்தேன். காறை எலும்பு உடைந்தது, மூளையதிர்ச்சியும் ஏற்பட்டது. தோளிலும் இடுப்பிலும் தோல் உரிந்த இடங்கள் இரவில் போர்வையோடு ஒட்டிக்கொள்ளும், காலையில் தண்ணீர் ஊற்றித்தான் பிரிப்பேன். காயத்தைக் காயவிடாமல் ஈரப்பதம் காக்கும் கட்டுப் போட்டால்தான் சீக்கிரம் ஆறும் என்று ஒரு செவிலியர் சொல்லிக்கொடுத்த பிறகு அந்த வேதனை குறைந்தது. படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினேன். ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த காயங்கள், பார்க்க வந்தவர்கள் அவற்றுக்கு இரங்கினார்கள். தலைக்குள் இருந்ததற்கு யாரும் இரங்கவில்லை. வெளிச்சம் கூசியது, கைப்பேசித் திரையைப் பார்த்தால் குமட்டியது, ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோனது. ஸ்கேனில் எதுவும் இல்லை என்றார்கள். மூளையதிர்ச்சி பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது என்பதை மருத்துவர் விளக்கிச் சொன்னார். நான் அதைக் குழுவினரிடம் சொன்னபோது, ‘ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றால் பிறகென்ன?’ என்றார்கள். ‘காறை எலும்புக்கா இவ்வளவு நாள்? தொழில்முறை வீரர்கள் ஒரு வாரத்தில் ஏறிவிடுகிறார்களே’ என்று நான் அண்ணன் என்று அழைக்கும் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். எலும்பு கூடிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

தொழில்முறை வீரர்களைப் பற்றியே பேசுவோம், ஏனென்றால் இந்த ஒப்பீடு எல்லாப் பதிவின் கீழும் வருகிறது. எலும்பில் தகடு வைத்து, பக்கத்திலேயே மருத்துவர் இருக்க, அவர்கள் வீட்டுக்குள் நிலைவண்டியில் மிதிப்பது உண்மைதான். தகடு எலும்பைப் பிடித்து வைக்கிறது, அது கூடுவதற்கு வேண்டிய வாரங்களைக் குறைத்துவிடுவதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்தை நோக்கி முன்னணியில் போய்க்கொண்டிருந்த அன்னமீக் வான் ஃப்ளூட்டன் இறக்கத்தில் விழுந்து, முதுகெலும்பில் மூன்று இடங்களில் முறிவோடும் மூளையதிர்ச்சியோடும் மருத்துவமனைக்குப் போனார். அவர் எழுந்து ஓட்டவில்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓட்டும் தனிநபர் நேரப் பந்தயத்தில் தங்கம் வென்றார். ஃபேபியோ யாகோப்சன் 2020 ஆகஸ்டில் போலந்தில் எல்லைக்கோட்டருகே தடுப்பில் மோதி, செயற்கைக் கோமாவில் வைக்கப்பட்டு, முகத்திலும் தாடையிலும் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 2021 ஏப்ரலில்தான் பந்தயத்துக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஸ்பெயின் சுற்றில் மூன்று கட்டங்களையும், புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையையும் வென்றார். அவர் காத்திருந்த அந்த மாதங்களை யாரும் பகிர்வதில்லை, வென்ற படத்தை மட்டும் பகிர்கிறார்கள். நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிறிஸ் ஃப்ரூம் 2019-இல் தொடை எலும்பும் முழங்கையும் விலா எலும்புகளும் உடைந்து, பின்னர் பந்தயத்துக்குத் திரும்பியபோதும் பழைய ஃப்ரூமாக ஆகவே இல்லை. அவரிடம் மன உறுதி போதவில்லை என்று சொல்ல உங்களில் யாருக்குத் துணிவு இருக்கிறது?

‘அந்தக் காலத்தில் இதெல்லாம் யார் பார்த்தார்கள்’ என்று எழுதிய மூத்தவருக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் தலைக்கவசம் கூடக் கட்டாயமில்லை. 1991-இல் கட்டாயமாக்க முயன்றபோது வீரர்களே எதிர்த்து நின்றதால் அது கைவிடப்பட்டது. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் தலைக்கவசமின்றி விழுந்த ஆந்த்ரே கிவிலெவ் மறுநாள் இறந்தார். அதற்குப் பிறகே விதி வந்தது. அந்தக் காலத்தில் பார்க்காமல் விட்டதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது, ஐயா.

‘ஓட்டி முடித்தவரின் மனத்தைப் புண்படுத்துகிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டும் வரும். அவர் மீது எனக்கு அன்புதான் இருக்கிறது. அவரை அன்று இரவே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்களா என்று முதலில் கேட்டவன் நான். என் கேள்விக்கு இதுவரை பதில் இல்லை, ‘சிங்கம்’ படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன. முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னோர் அடி விழுந்தால், அரிதாக என்றாலும், இளவயதினருக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த ஞாயிறு பந்தயத்துக்கு அவர் பெயர் பட்டியலில் இருப்பதை நான் பார்த்தேன்.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. உடம்பு ஆறிய பிறகும் பயம் ஆறுவதில்லை. நான் மீண்டும் கூட்டத்தில் ஓட்டத் தொடங்கியபோது, பக்கத்தில் பிரேக் ஒலி கேட்டாலே கைகள் ஹேண்டில்பாரில் இறுகும், தோள் விறைக்கும், இறக்கங்களில் தானாகவே பின்தங்குவேன். அந்த நேரத்தில் ஒருவராவது எனக்காக வேகத்தைக் குறைத்து, என் முன்னால் ஒரே சீராக ஓட்டி, ‘என் பின்சக்கரத்தை ஒட்டியே வா’ என்று சொல்லியிருந்தால் போதுமாக இருந்தது. குழுவில் யாரும் சொல்லவில்லை. ‘பயந்துட்டான்’ என்றார்கள். ஆம், பயந்திருந்தேன். விழுந்த ஒருவனுக்குப் பயம் வருவதில் எந்தக் குற்றமும் இல்லை.

அந்த இரண்டாவது இளைஞர் உங்கள் கருத்துகளையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நேற்று என் உள்பெட்டிக்கு வந்து, ‘அண்ணா, நான் உண்மையிலேயே ஓட்டியிருக்கலாமா?’ என்று கேட்டார். வெளிச்சம் கூசுகிறது, தலை வலிக்கிறது என்றும் எழுதியிருந்தார். திரையை அணைத்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னேன், வலி கூடினாலோ வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அவரைக் கோழை என்று எழுதியவர்கள் அந்த வரிகளை இன்றே நீக்குங்கள். மன்னிப்புக் கேட்க விரும்பினால் அவருக்கே எழுதுங்கள். ஆனால் அவர் படித்துப் பதில் சொல்லும் நிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து எழுதுங்கள்.