டிரிப்ஸில் ஏற்றினால் நுரையீரல் வளருமா?

பெரியப்பாவுக்கு ஐபிஎஃப். நுரையீரலின் மெல்லிய திசு கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி இறுகிப்போகிற நோய். பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்கும், ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் யாரோ புண்ணியவான் அவருக்கு ஒரு க்ளினிக் விளம்பரத்தை அனுப்பிவிட்டார்: ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், போட்டால் நுரையீரல் புதிதாக வளருமாம். "கேட்டுப் பாரேன்டா" என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

சரி என்று படித்தேன். இந்த இடங்களில் பெரும்பாலும் செய்வது, எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ செல்களைப் பிரித்து நரம்பில் ஏற்றுவது. அவை நேராக நுரையீரலுக்குப் போகும் என்று சொல்வது பொய்யில்லை. கை நரம்பில் எதை ஏற்றினாலும் இதயத்தைத் தாண்டி முதலில் அங்கேதான் போகும், இந்தச் செல்கள் உருவில் பெரியவை என்பதால் அங்கிருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்களில் சிக்கியும் கொள்ளும். அப்புறம்? சில நாட்களில் பெரும்பாலானவை அழிந்துவிடும். அதற்குள் அழற்சியைத் தணிக்கிற சில பொருள்களைச் சுரக்கும், அவ்வளவுதான். நுரையீரலில் காற்று நிரம்புகிற நுண்ணிய பைகளான காற்றறைகளின் சுவராக அவை மாறுவதில்லை.

சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள 62 பேரிடம் இதை முறையாகச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதுகாப்பில் பிரச்சினை இல்லை, ஆனால் மூச்சின் அளவு கூடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே வகைச் செல் மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வருகிற ஒரு கடுமையான எதிர்விளைவுக்கு. அழற்சியை அடக்குகிற வேலை அதற்குத் தெரியும், நுரையீரல் கட்டுகிற வேலை தெரியாது.

நுரையீரலுக்கென்று சொந்தமாகவே ஒரு ஸ்டெம் செல் உண்டு. இரண்டாம் வகை காற்றறைச் செல் என்பார்கள். காற்றறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரப்பதும் அதுதான், சுவர் சேதமானால் தானே பெருகி, சுவராக இருக்கிற முதல் வகைச் செல்லாக மாறி அடைப்பதும் அதுதான். ஐபிஎஃப்பில் அதுவே களைத்துப்போய்விடுகிறது. அதை மறுபடி எழுப்ப ஆய்வகங்களில் உண்மையாகவே உழைக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் இன்று கையில் இருப்பது பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் மாதிரி மருந்துகள்தான், அவையும் தழும்பு பரவுகிற வேகத்தைக் குறைக்கும், வந்த தழும்பை அழிக்காது. பொருந்துகிறவர்களுக்கு நுரையீரல் மாற்று அறுவை.

எனக்குக் கோபம் வருவது ஆராய்ச்சியின் மேல் இல்லை. "ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு நோயாளியிடமே பெருந்தொகை கேட்கிறார்களே, அங்கேதான்.

கடைசியில் அந்த க்ளினிக்குக்குப் போன் போட்டேன். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எஃப்விசி அளவு, அதாவது ஆழமாக இழுத்து ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்கிற கணக்கு, இருந்தால் அனுப்புங்கள் என்றேன். குணமான ஒருவர் பேசுகிற வீடியோவை அனுப்பினார்கள். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார்.

"இவன் மூக்குலயும் டியூப் இருக்கேடா" என்றார்.