ஒரிஜினல் அண்ணைமாருக்கு

ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலில் பழைய வண்டிகளைக் காட்சிக்கு நிறுத்தியபோது நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். படங்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் மூன்று நாளாகியும் பெயிண்டும் சாமானும் மாற்றிய என் மோட்டார் சைக்கிள் படத்துக்குக் கீழே கொமெண்டுகளில் நடக்கிற இரங்கல் கூட்டம் முடிகிற பாடாக இல்லை. "பாரம்பரியத்தைக் கொன்றுவிட்டான்." "மாட்டுப்பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு." இரண்டாவதற்கு நானும் சிரித்தேன். அப்புறம் இரவு நித்திரை வரவில்லை.

பழைய வண்டி வரிசையில் நிறுத்திய என் ஹொண்டா பென்லியை, "இது மொடிஃபை பண்ணினது, அங்கால விடுங்கோ" என்று இஸ்ஸோ வடை விற்கிற பக்கம் அனுப்பினீர்கள். போனேன். வடைக்காரர் வந்து பார்த்து, வண்டி வடிவாக இருக்கிறது என்றார். அந்த வரிசையில் நின்ற எத்தனை வண்டி லொறியில் வந்து இறங்கியது என்று நான் எண்ணவில்லை. சரி, எண்ணினேன். நாலு.

நான் சொல்வது ஒன்றுதான். வண்டி ஓட வேண்டும். அப்பாவின் வண்டி இது. அப்பா இதை ஓடத்தான் வாங்கினார், துணி போட்டு மூடி வைக்க இல்லை.

ஒருவர் "அந்தக் கால ஹொண்டா நீலம் இனி வருமா" என்று எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் அழுகிற அந்த நீலம் 1996இல் எங்கள் வீட்டு கேற்றுக்கு வாங்கிய எனாமலில் மிச்சம். அப்பா முற்றத்தில் பேப்பர் விரித்துப் பிரஷால் அடித்தார். கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டியிருந்ததும் தெரிந்திருக்கும். தெமட்டகொடையில் பெயிண்ட் அடிக்கிற பாஸ் டாங்கியை உரித்தபோது நீலத்துக்குக் கீழே கறுப்பு வந்தது, கறுப்புக்குக் கீழே சிவப்பு. இதில் எந்தப் படை ஒரிஜினல் என்று யாராவது சொல்லுங்கள், அதற்கே மாலை போடுகிறேன். வண்டிப் பதிவுப் புக்கில் நிறம் மாற்றினாயா என்றும் கேட்டார்கள். மாற்றியாயிற்று.

அடுத்த குற்றம், பழைய காபரேட்டரைக் கழற்றிவிட்டு நான் வைத்த ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். ஆட்டுக்குட்டிக்கு யானைத் தும்பிக்கை வைத்தது போலப் பேசுகிறார்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டை மறந்துவிட்டோமா? மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், கியூஆர் காட்டி. நான் லைனில் நின்று அடித்துக்கொண்டு வந்து இரவு வண்டியை விட்டேன். காலையில் சீமெந்துத் தரையில் பெரிய ஈரம், வீடு முழுக்கப் பெற்றோல் மணம். காபரேட்டரில் பெற்றோலை மறிக்கிற ஃப்ளோட் ஊசி ஒழுங்காக அடையாமல் விடிய விடிய ஒழுகியிருக்கிறது. பெற்றோல் டெப்பை மூட மறந்தது என் பிழைதான். ஆனாலும் அந்த ஈரத்துக்கு முன்னால் குந்தியிருந்த எனக்குப் பாரம்பரியம் ஞாபகம் வரவில்லை.

இப்போது பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது, எஞ்சினுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை இன்ஜெக்டர் தெளிக்கிறது, காற்று மெலிந்தால் கம்பியூட்டர் பெற்றோலைக் குறைக்கிறது. அப்பா காலத்தில் றம்பொடை ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கி முக்கிய வண்டி, போன மாசம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவுக்கு ஒரு இருமலும் இல்லாமல் ஏறியது. 124 சிசிதான், வேகத்தைக் கேட்காதீர்கள். இன்ஜெக்‌ஷன் ஹொண்டாவுக்கு அந்நியம் என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: ஹொண்டா 1982லேயே சிஎக்ஸ் 500 டர்போவில் இதை வைத்துவிட்டது. உங்கள் ஒரிஜினலை விட ஹொண்டாவே வேகமாக மாறியிருக்கிறது.

பொருத்தியது சும்மா வேலை இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் எத்தனை சனிக்கிழமை அலைந்தேன்! டாங்கிக்குள் துரு இருந்தால் இன்ஜெக்டர் ஒரு கிழமைகூடத் தாங்காது என்று, நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம். தோள்மூட்டு இன்னும் வலிக்கிறது. பம்புக்குச் சார்ஜ் போதாமல், கரண்ட் தருகிற காயிலைத் திருப்பிச் சுற்றினோம்.

"நடு ரோட்டில் நின்றால் யார் திருத்துவது? காபரேட்டர் என்றால் ஒரு கம்பியால் குத்திவிட்டுப் போகலாமே." உண்மை. ஒருமுறை களனிப் பாலத்துக்கு அங்கால் நின்று, டிமோ பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். அதற்கு என்ன இப்போது?

"இந்தக் காசுக்குப் புது பைக் எடுத்திருக்கலாம்." இதை வீட்டில் என் மனைவி உங்களை விட வடிவாகச் சொல்லிவிட்டா.

கோபம் வருவது வேறு இடத்தில். ஒரிஜினலாக வைத்திருக்க முதலில் கூரை வேண்டும் அண்ணை. நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க லேன்களில் ஏழு வாடகை வீடு மாறினவர்கள். வண்டி ஏழு வீட்டிலும் வெளியில்தான் நின்றது. அந்த உப்புக்காற்று மட்கார்டை அப்பளமாக்கிவிடும். எங்களிடம் எதுதான் ஒரிஜினலாக மிஞ்சியது? ஊரில் வீடு இல்லை. அப்பா அம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. மாற்றாமல் வைத்திருப்பது கொடுத்துவைத்தவர்களின் பொழுதுபோக்கு. அதை எங்களுக்கு ஒழுக்கமாகச் சொல்லித்தர வராதீர்கள்.

சரி, விடுவோம். ஒரே ஒரு கொமெண்டுக்குத்தான் உண்மையில் பதில் சொல்ல வந்தேன். "பட்டிகூட ஒழுங்காப் போடேல்ல, டாங்கியில நெளிவு தெரியுது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பட்டி என்றால் பெயிண்டுக்கு முன் நசிவை நிரப்புகிற பசை.

எனக்கு ஒன்பது வயதில், அப்பா இல்லாத நேரம் வண்டியில் ஏறிக் கிக் அடிக்கப் போய் வாசல் படியில் சரித்துவிட்டேன். டாங்கி படியில் மோதி நசிந்தது. பக்கத்து வீட்டு அண்ணா தூக்கி நிறுத்தினார். அப்பா வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் காணவில்லை என்றே நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அந்தக் கிழமைதான் திடீரென்று கேற்றுப் பெயிண்டை எடுத்து வண்டிக்கு அடிக்க வெளிக்கிட்டார்.

நீலத்தை உரித்தபோது பட்டி ஒரே துண்டாகக் கழன்று பாஸின் உள்ளங்கையில் விழுந்தது, ஒரு பலாக்கொட்டை அளவு. இதை நிரப்பவா என்று பாஸ் கேட்டார்.

நான்தான் வேண்டாம் என்றேன், தம்பி. பாஸைக் குறை சொல்லாதீர்கள்.