எந்த வேதிப்பொருள் என்று அடித்துச் சொல்ல முடியுமா?
பல வேதிப்பொருள்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் விந்தணு குறைய எது முதல் காரணம் என்பதை எடையிட்ட குறியீடு (ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடை கொடுத்து எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டும் முறை) காட்டிவிடும் என்கிறது இந்தக் கட்டுரை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புள்ளியியல்தான் என் வேலை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வேதிப்பொருள்களின் தரவை மறுபடி மறுபடி மாதிரியெடுத்து ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் முதலிடம் மாறியது. ஒரே பிளாஸ்டிக்கிலிருந்து வரும் சிதைபொருள்கள் சிறுநீரில் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அவற்றைப் பிரித்துப் பழி சுமத்துவது கடினம். எல்லாமே ஒரே திசையில் தீங்கு செய்கின்றன என்றும் அந்தக் குறியீடு வைத்துக்கொள்கிறது. தீங்கு செய்யும் ஈயத்தோடு, விந்தணுவுக்குத் தேவையான துத்தநாகத்தையும் சேர்த்தால்? மேலே 'பேய்சியன் கெர்னல் முறை போதுமே' என்று எழுதிய நண்பருக்கு: அது நேர்கோட்டு உறவு என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளாத புள்ளியியல் முறை; வளைவுகளையும் கூட்டு விளைவையும் அது பிடிக்கும், உண்மைதான். ஆனால் தாலேட் ஓரிரு நாளில் பெரும்பாலும் உடலைவிட்டுப் போய்விடும், விந்தணு உருவாகவோ ஏறத்தாழ 70 நாள் ஆகும். ஒரு காலைச் சிறுநீரை வைத்து இரண்டரை மாதத்தை அளக்கிறோம். கலவை ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2002-இல் வெளியான லண்டன் ஆய்வில், தனித்தனியே விளைவு காட்டாத அளவில் 8 வேதிப்பொருள்களைச் சேர்த்தபோது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போன்ற விளைவு தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஆளிடம் மூன்று மாதத்தில் ஐந்தாறு முறையாவது சிறுநீர் வாங்குங்கள், விந்து கடைசியாக வெளியேறி எத்தனை நாள் என்பதையும் கேட்டுப் பதியுங்கள். எந்த முறை சிறந்தது என்று அப்புறம் பேசலாம்.