கல்யாண முருங்கைப் போத்து வெட்டும் முன்

ஆவணி பிறந்தால் முகூர்த்தம் வரிசைகட்டி வரும். பந்தக்கால் நட ஊர் ஊராய்க் கல்யாண முருங்கைப் போத்து, அதாவது ஊன்றினால் துளிர்க்கிற கம்பு, தேடுவோம். முருக்கு என்பதும் இந்த மரம்தான். வெட்டுகிறவர்கள் முதலில் தளிரைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

தளிர் சுருண்டு, காம்பு தடித்து, இலையெல்லாம் முண்டு முண்டாக இருந்தால் அது சத்துக்குறைவு இல்லை. ஒரு முண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே சின்ன அறை, அதில் வெள்ளைப் புழு. முற்றிய முண்டில் குண்டூசி முனையளவு ஓட்டை தெரியும். குளவியாகி வெளியேறிய வழி அது. பக்கத்து வீட்டு ஆச்சி பேரனுக்குச் சளி என்று அடைக்கு இலை பறிக்கப் போனவர், "அம்மை போட்ட மாரி கெடக்கு, பிள்ளைக்கு எப்படிக் குடுக்க?" என்று வெறுங்கையோடு வந்துவிட்டார்.

அந்தக் குளவி ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து பரவியது. குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று அதற்குப் பெயர் வைத்ததே 2004-ல்தான். 2006-ல் கேரளத்தில் இருப்பது பதிவாகிவிட்டது. முட்டை குளவியாக ஏறத்தாழ மூன்று வாரம் போதும். திரும்பத் திரும்பத் தளிர் கருகினால் எவ்வளவு பெரிய மரமும் பட்டுப்போகும்.

ஹவாய்த் தீவுகளில் 2005-ல் நுழைந்து, அங்கே மட்டுமே வளரும் விலிவிலி என்ற முருக்கு இனத்தைச் சூறையாடியது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. விதைகளைச் சேமித்தார்கள். தான்சானியாவிலிருந்து இந்தப் புழுவைத் தின்னும் இன்னொரு குளவியைக் கொண்டுவந்து, வேறு எதையும் கெடுக்காது என்று சோதித்து, 2008-ல் விட்டார்கள். மரங்கள் மறுபடி தழைத்தன.

நம்மால் முடியாத வேலையா இது? 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சிக்கு, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து அடக்கிக் காட்டினார்கள் பெங்களூரு விஞ்ஞானிகள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி போட்டவர்கள் பிழைத்தார்கள். கல்யாண முருங்கைக்குச் சந்தையில் விலை கிடையாது. அதனால் அதற்காக மனுக் கொடுக்க ஆளும் கிடையாது. எனக்கு ஆத்திரமெல்லாம் அதில்தான்.

மாசி பங்குனியில் இலையுதிர்த்து முருக்கு செக்கச்செவேலென்று பூத்து நிற்கும்போது மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் அதில்தான் கிடக்கும். காடு காய்ந்து கிடக்கிற காலத்தில் அவற்றுக்குத் தேன் தருகிற மரம் இது. மருந்தடிக்கலாமே என்பவர்களுக்கும் இதுவே பதில்: பறவை குடிக்கிற பூவிலும் பிள்ளை தின்கிற இலையிலும் விஷம் ஏற்ற முடியாது.

குளவி தானாகப் பறப்பதைவிட நம் கையால் போவதுதான் எனக்குப் பெரிய பயம். இந்த மரத்தை நாம் விதை போட்டா வளர்க்கிறோம்? போத்து வெட்டி ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் ஊன்றுகிறோம். முண்டு விழுந்த கம்பு போனால் புழுவும் கூடவே போகும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைக் காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் போகிறோம். பாபநாசம் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் துழாவுகிறார்கள், நல்லது. பச்சைக் கம்பும் நாற்றும் உள்ளே போகிறதா என்றும் பார்க்கச் சொல்லி வனத்துறையிடம் கேட்போம்.

நோய் கண்ட கொப்பைக் கழித்து அந்த இடத்திலேயே எரித்துவிடுங்கள். குப்பையில் போட்டால் முண்டுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும். அம்பை, களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் முண்டே இல்லாத மரம் யார் வீட்டிலாவது நின்றால் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். இந்த ஆவணிக்குப் போத்து கேட்பவர்களை அங்கே அனுப்பலாம்.