கொள்ளு ரசமும் வயிற்று உப்புசமும்: ஒரு திருத்தம்

ஐபிஎஸ் எனும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் எடை குறைக்கத் தினமும் கொள்ளு ரசம் குடிக்கலாம், வயிறு உப்பினால் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம் என மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அந்த உப்புசம் வெறும் வாயு.

கொள்ளில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறது. மற்றவர் சமாளிக்கும் அளவே ஐபிஎஸ்காரருக்கு வலியாகிவிடும். ரசத்தில் பருப்பே இல்லையே என்பீர்கள். இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. கொள்ளு வெந்த தண்ணீரில்தான் ரசமே வைக்கிறோம்! தட்டிப் போடும் பூண்டும் சேர்ந்து உப்ப வைக்கும். பேதியாகி மறுநாள் எடை குறைந்தால், போனது பெரும்பாலும் தண்ணீர்.

வீட்டிலேயே சோதிக்கலாம். தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் காலை வெறும் வயிற்றிலும் இரவு படுக்கும் முன்பும் அளந்து எழுதுங்கள். ஒரே நாளில் ஏறி இறங்குவது கொழுப்பாக இருக்க முடியாது. ஒரு வாரம் கொள்ளையும் பூண்டையும் மட்டும் நிறுத்தி, மற்றதை மாற்றாமல் மறுபடி அளந்து பாருங்கள்.

நம் வேலூர் பக்கம் களிக்குக் கொள்ளுக் கடையல் பிடித்தவர்கள் அடியோடு விட வேண்டியதில்லை. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் வெந்த தண்ணீரையும் கொட்டிவிட்டு, ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கிப் பாருங்கள். எடை குறையக் களி உருண்டையைத்தான் சிறிதாக்க வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தாலோ, முயற்சியே இல்லாமல் எடை இறங்கினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.