போனை ஒளித்துப் பார்க்க வேண்டாம்

"என்ன பிள்ளை, போனைப் பாக்கிறியள்? மருந்து மறந்து போச்சுதோ?"

போன கிழமை கிளினிக்கில் ஒரு அம்மா கேட்டா. வயது 78, நிறை 42 கிலோ. நாலு நாளாகச் சலக்கடுப்பு, அடிவயிற்றில் நோ. கேட்ட கேள்வியில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற மகள் "அம்மா, சும்மா இருங்கோ" என்று தாயின் கையைப் பிடித்தா.

நான் போனை மேசைக்குக் கீழே கொண்டுபோகவில்லை. அவவின் பக்கம் திருப்பிக் காட்டினேன். கிளினிக் கொப்பியில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் 1.2 என்று எழுதியிருந்தது. வெறும் இலக்கமாகப் பார்த்தால் யாரும் பெரிதாகக் கவலைப்படமாட்டார்கள். வயதையும் நிறையையும் சேர்த்து கொக்றொஃப்ட்-கோல்ற் கணக்கில் போட்டால், சிறுநீரகம் வடிப்பது நிமிடத்துக்கு 26 மில்லிலீற்றர் கூட இல்லை. என் கை பழக்கத்தில் எழுதப் போனது சலக்கிருமிக்குக் கொடுக்கிற நைற்றோபியூறன்ரொயின். சிறுநீரகத் தொழிற்பாடு 45க்குக் கீழே போனால் அதைத் தவிர்க்கச் சொல்கிறது பிரித்தானிய மருந்துக் கையேடான பிரிட்டிஷ் நஷனல் ஃபோமியூலறி. இவவின் நிலைக்கு அந்தக் குளிசை சலத்தில் போதுமான அளவு சேராது, கிருமி சாகாது. உடம்பில் தங்குகிற மருந்து கைகால் நரம்புகளைக் கெடுக்கும்.

"இந்தப் பெட்டியில உங்கட வயசு, இதில நிறை, இதில ரத்தத்தில பாத்த கணக்கு. உங்கட கிட்னி எவ்வளவு வேலை செய்யுது எண்டு இது சொல்லுது. அதுக்கேத்த குளிசைதான் நான் எழுத வேணும்."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தா. "அப்ப வடிவாப் பாருங்கோ பிள்ளை. எனக்கு அவசரம் இல்லை."

சலத்தைக் கல்ச்சருக்கு அனுப்பி, வேறொரு மருந்தை அளவு குறைத்து எழுதிக் கொடுத்தேன். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் பிடிக்கவில்லை. கன நாளாக எழுத நினைத்ததை இன்றைக்கு எழுதவைத்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

எங்கட ஊரில் டொக்டர் என்றால் எல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும். நாடி பிடித்தவுடன் வருத்தத்தின் பெயர் வர வேண்டும், பேனை எடுத்தவுடன் மருந்து வர வேண்டும். நடுவில் யோசித்தாலே "இவவுக்கு விளங்கேல்லைப் போல" என்று வெளியே போய்ச் சொல்வார்கள். சனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்களுக்குள்ளேயே அந்த எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. நான் படித்துவிட்டு வந்த புதிதில் மூத்தவர் ஒருவர் வாட் றவுண்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "போனில பாத்து வைத்தியம் செய்யிறவை எனக்கு வேண்டாம்." அதே மனிசனின் மேசையில் லண்டனிலிருந்து உறவினர் அனுப்பிய ஃபோமியூலறிப் புத்தகம், நாலு வருஷம் பழைய பதிப்பு, மூலைகள் மடங்கிக் கிடந்தது. அதைப் புரட்டும்போது யாரும் அவரைக் குறைத்து நினைத்ததில்லை. அந்தப் புத்தகம் வருஷத்துக்கு இரண்டு தரம் அச்சாகிறது. அதன் செயலியோ மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது. புத்தகத்தைப் பார்த்தால் படித்த டொக்டர், அதே பக்கத்தைப் போனில் பார்த்தால் படிக்காத டொக்டர் என்று நினைப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூத்தவரின் அந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும்.

உள்ளகப் பயிற்சி முடித்து இரண்டாவது வருஷம். இருதய வால்வு மாற்றிய ஒரு மீனவர், நாற்பது வயது சொச்சம், இரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற வாஃபரின் குடித்துக்கொண்டிருந்தவர். பல்லடியில் சீழ் கட்டி, கன்னம் வீங்கி வந்தார். வெளியே வாங்கு நிறையச் சனம், மூத்தவர் அடுத்த அறையில். நான் மெற்றோனிடசோல் என்கிற கிருமிகொல்லியை எழுதினேன். அந்த நேரம் கோட்டுப் பொக்கெற்றில் போன் இருந்தது. போனில் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று பார்க்கிற செயலியும் இருந்தது. இரண்டு பெயரையும் தட்டியிருந்தால் சிவப்பு எழுத்தில் வந்திருக்கும். வாஃபரினை ஈரலில் உடைக்கிற நொதியத்தை மெற்றோனிடசோல் மறிக்கும், இரத்தம் உறையாமற் போகும். இறுதியாண்டில் படித்து எழுதிப் பாஸ் பண்ணிய விஷயம் அது. அந்தக் காலை நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை, வெட்கம்.

எட்டாம் நாள் அவரை மனிசி ஓட்டோவில் கொண்டு வந்தா. முரசால் இரத்தம், தோள்மூட்டில் கையகலத்துக்குக் கண்டல். இரத்தம் உறைய எவ்வளவு சுணங்குகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர் 8ஐத் தாண்டியிருந்தது, அவருக்கு இருக்க வேண்டியது 3 அளவில். மூளையில் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன். அவர் பிழைத்தார். நான் எழுதிய துண்டால்தான் இது நடந்தது என்று அவருக்கும் மனிசிக்கும் சொன்னேன். இன்றைக்கும் கிளினிக்குக்கு வருகிறார். புதிதாக எந்தக் குளிசை எழுதினாலும் அவர் முன்னாலேயே போனை எடுத்து, வாஃபரினோடு சேர்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகவே தம்பிமார், தங்கச்சிமார், வெட்கப்படாமல் எடுங்கோ. ஆனால் எதை எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கோ. கூகிளில் முதலாவதாக வருகிற பக்கம் சான்று ஆகாது. மெடிக்கல் றெப் போட்டுத் தருகிற கம்பனிச் செயலியும் ஆகாது, அதில் அவர்களின் மருந்து எப்போதும் முன்னுக்கு நிற்கும். நான் ஒரு செயலியை நம்ப வேண்டுமென்றால் முதலில் பார்ப்பது, அந்தப் பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, யார் எழுதினார்கள், பரிந்துரைக்குப் பக்கத்தில் அதன் சான்று எவ்வளவு பலமானது என்று போட்டிருக்கிறதா என்பதைத்தான். 'அப்ருடேற்' அப்படித் தரம் பிரித்துச் சொல்கிறது. 1992ல் பேர்ட்டன் றோஸ் என்கிற சிறுநீரக மருத்துவர் தொடங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். ஆனால் தனியாளாக வாங்குவதென்றால் வருஷத்துக்கு ஐந்நூறு டொலருக்கு மேல். எங்கட காசுக்கு ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும், ஒரு இளம் மருத்துவர் சம்பளத்தில் எப்படிக் கட்டுவது? 'மெட்ஸ்கேப்' காசில்லை, மருந்துப் பகுதியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், மருந்து மோதலும் பார்க்கலாம். விளம்பரத்தில் ஓடுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கணக்குகளுக்கு 'எம்.டி.கல்க்' எனக்குப் போதும்.

கணக்குப் போடும்போது அலகைப் பாருங்கோ. இங்கே ஒரு ஆய்வுகூடம் கிரியற்றினினை 1.2 என்று தரும், இன்னொன்று அதே இரத்தத்தை 106 என்று தரும். முதலாவது மில்லிகிராமில், இரண்டாவது மைக்றோமோலில். பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்காமல் தட்டினால் வருகிற விடை ஆளைக் கொல்லும். அமெரிக்கச் செயலிகளில் பரசிற்றமோல் என்று தேடினால் அசற்றமினோஃபென்னுக்குக் கொண்டுபோகும், இழுப்புக்குக் கொடுக்கிற சல்பியூற்றமோல் அங்கே அல்பியூற்றறோல். இரவு இரண்டு மணிக்கு, இழுப்போடு ஒரு பிள்ளை முன்னால் கிடக்கும்போது இந்தப் பெயர்க் குழப்பம் பெரிய விஷயம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுச் செயலிக்கு எங்கட ஊர் தெரியாது.

பாம்புக்கடியை எடுங்கோ. இரவில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போனவரைக் கொண்டு வந்து "புடையன் கடிச்சிட்டுது" என்கிறார்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பும் அதற்கான மருந்தும். எங்களிடம் இருப்பது இந்தியாவிலிருந்து வருகிற விஷமுறிவு மருந்து. நாகம், விரியன், புடையன், சுருட்டை என்று நாலுக்கும் பொதுவானது. சிங்களத்தில் குணகட்டுவா என்கிற மூக்கு மேலெழும்பிய சின்னப் பாம்பு இந்த நாட்டில் கன பேரைக் கடிக்கிறது, அதற்கு இந்த மருந்து கேட்காது. கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சரித்துப் பார்க்கிற சோதனைக்குச் செயலியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். இதையெல்லாம் எங்களுக்கு ஏற்றபடி சொல்வது இலங்கை மருத்துவ சங்கத்தின் வழிகாட்டிதான்.

இதில் நான் பெருமைப்படுகிற ஒரு சங்கதி உண்டு. விஷமுறிவு மருந்து ஏற்றும்போது சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சு முட்டி, பிறஷர் விழும். அதைத் தடுக்க என்று ஹைட்றோகோற்றிசோனும் புறோமெதசீனும் முதலே போடுவது பழக்கமாக இருந்தது. இலங்கை ஆஸ்பத்திரிகளில் 1007 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வு 2011ல் வெளிவந்தது. தோலுக்குக் கீழே போடுகிற குறைந்த அளவு அட்றினலின் கடுமையான எதிர்விளைவுகளை முதல் மணித்தியாலத்தில் 43 வீதம் குறைத்தது. மற்ற இரண்டும் தடுக்கவில்லை. எங்கட வயலிலும் தோட்டத்திலும் கடிபட்ட சனத்திடமிருந்து வந்த சான்று இது. சான்று என்றால் லண்டனிலிருந்தும் பொஸ்ரனிலிருந்தும்தான் வரும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பது.

1996ல், சான்றுவழி மருத்துவத்தின் முன்னோடியான டேவிட் சாக்கெற்றும் கூட இருந்தவர்களும் அந்த சான்றுவழி மருத்துவம் என்றால் என்ன என்று எழுதியபோது, ஆய்வுச் சான்றை மட்டும் சொல்லவில்லை. மருத்துவரின் கைத்தேர்ச்சியையும் நோயாளியின் விருப்பத்தையும் கூடவே வைத்தார்கள். செயலி தருவது முதலாவதை மட்டும். அந்த அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், ஒரு நாளைக்கு நாலு தரம் குளிசை குடிக்க அவவுக்கு ஆள் துணை இருக்கிறதா என்று கேட்பதும் போனால் ஏலாது. போனைப் பார்த்தால் மூளை மழுங்கும் என்று அந்த மூத்தவர் பயந்ததில் இந்தளவு உண்மை இருக்கிறது: என்ன தேட வேண்டும் என்று தெரியாதவருக்குச் செயலி உதவாது. வாஃபரினும் மெற்றோனிடசோலும் மோதலாம் என்கிற ஐமிச்சம் தலையில் எழும்பினால்தான் கை பொக்கெற்றுக்குப் போகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடமே நேரே கேட்கிறார்கள். ஒருநாள் நானும் ஒன்றில் ஒரு மருந்தின் அளவைக் கேட்டேன். அழகாகப் பதில் சொல்லி, ஆதாரமாக ஒரு கட்டுரையையும் தந்தது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடுகிற பப்மெட் தளத்தில் தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இல்லை. வாட்டில் அதை வைத்து மருந்து எழுதாதேங்கோ. நோயாளியின் பெயரையும் படத்தையும் அதற்குள் போடாதேங்கோ.

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் எடுத்து "அம்மாவுக்கு ஏன் இந்த மருந்து? இங்க வேற மாதிரியெல்லோ குடுக்கினம்" என்று கேட்பதைக் கரைச்சலாக நினைக்கிற டொக்டர்மார் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டால் நான் பார்த்த பக்கத்தையே அவர்களுக்கும் அனுப்புகிறேன். தாய்க்குத்தான் அனுப்ப ஒன்றும் இருப்பதில்லை, செயலிகளில் நோயாளிக்கென்று இருக்கிற விளக்கங்களில் தமிழைக் காண்பது அருமை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்கிற அமெரிக்க மிஷன் மருத்துவர் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு, வாஃபரின் குடிக்கிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் கொடுக்க முடியாமல் நிற்கிறோம்.

டெங்குக்குச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு தந்த வழிகாட்டி நல்ல வழிகாட்டி. 50 கிலோ ஆளுக்கு நெருக்கடியான 48 மணித்தியாலத்துக்குள் கொடுக்கக்கூடிய திரவம் 4600 மில்லிலீற்றர் என்று எங்கட பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆள் 43 கிலோ என்றாலோ, 17 கிலோப் பிள்ளை என்றாலோ கடதாசியில் கணக்குப் போடுகிறார்கள், நித்திரை இல்லாத கண்ணோடு. கையில் இருப்பது யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப். அது எந்த வருஷத்துப் பதிப்பு என்று கேட்டால் அனுப்பினவருக்கும் தெரியாது.

டெங்கு, பாம்புக்கடி, நஞ்சு, பிரசவ நேர இரத்தப்பெருக்கு. இந்த நாலின் இலங்கை வழிகாட்டிகளையும் ஒரே செயலியில், அமைச்சின் அனுமதியோடு, திருத்திய திகதி தெரியும்படி, கணக்குப் பெட்டியோடு போட வேண்டும். சிக்னல் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணித்தியாலம் போய் நெடுந்தீவில் தனிய நிற்கிற டொக்டருக்கு, கடல் கொந்தளித்துப் படகு ஓடாத இரவில், யாரைக் கேட்பது? அவருக்காகத்தான் இது முதலில் வேண்டும். அடியில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978லிருந்து இருக்கிறது. கணினி படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு மேசையில் இருந்து கதைக்க வேண்டியதுதான் மிச்சம். சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வருவேன். தமிழாக்கத்துக்கு உதவக்கூடியவர்கள், செயலி செய்யத் தெரிந்தவர்கள், கணக்குகளைச் சரிபார்க்க முன்வருகிற மூத்த மருத்துவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கோ. டெங்குவில் தொடங்குவோம், ஐப்பசி மழைக்கு இன்னும் கன நாள் இல்லை.